பிரிண்டர் ஏன் காணாமல் போகிறது? சிறு ஆபீஸ் ரூட்டரில் எண்கள் வேலை செய்யும் விதம்

குமுளி, கம்பம், கூடலூர்ப் பக்கம் ஏலக்காய்க் கடை, லாரி புக்கிங் ஆபீஸ், ஜீப் டிராவல்ஸ், ஆடிட்டர் ஆபீஸ் என்று எங்கே போனாலும் 'நெட் சரியில்லை' என்ற குறையைக் கேட்கிறேன். போய்ப் பார்த்தால் நெட் பெரும்பாலும் நன்றாகவே வந்துகொண்டிருக்கும். யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் போகும். ஆனால் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டும். மாடியில் இருக்கும் கணக்குப்பிள்ளைக்குக் கீழே உள்ள டேலி, அதாவது கணக்கு எழுதும் மென்பொருள், திறக்காது. கேமரா ரெக்கார்டரைத் தேடினால் கிடைக்காது. இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஆபீஸுக்குள் எந்தக் கருவிக்கு எந்த எண் என்று யாரும் முடிவு செய்யவில்லை. ரூட்டர் தன் போக்கில் எண்களைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்த எண் சமாச்சாரம் புரிந்துவிட்டால் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கம் பயமுறுத்தாது. அதில் நூறு மெனு இருந்தாலும் நான்கு பேர் வேலை செய்யும் ஆபீஸுக்குத் தேவைப்படுவது நாலைந்து இடங்கள்தான். அவற்றில் முக்கியமானவற்றை நிதானமாகவும் மற்றவற்றை வேகமாகவும் சொல்கிறேன்.

உள்பக்கம், வெளிப்பக்கம்

ரூட்டருக்கு இரண்டு பக்கம் உண்டு. வெளிப்பக்கம் இணைய நிறுவனத்தை நோக்கி இருக்கிறது. அதை 'வேன்' என்பார்கள். பெட்டியின் பின்னால் ஒரு ஓட்டை மட்டும் தனி நிறத்தில் இருக்கும் அல்லது 'இன்டர்நெட்' என்று எழுதியிருக்கும், அதுதான். உள்பக்கம் உங்கள் கம்ப்யூட்டர்களை நோக்கி இருக்கிறது, அது 'லேன்'. மீதி ஓட்டைகளும் வைஃபையும் இதில் சேர்ந்தவை.

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி எண் உண்டு. இந்த எண்ணைத்தான் ஐபி முகவரி என்கிறோம். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. கணக்குப் போட்டால் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள் வரும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் உலகில் உள்ள போன், கம்ப்யூட்டர், டிவி, கேமரா எல்லாவற்றுக்கும் ஆளுக்கொன்று கொடுக்க இது போதாது. அதனால் சில எண் வரிசைகளை 'உள்ளே மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள், வெளி இணையத்தில் இவை செல்லாது' என்று ஒதுக்கிவிட்டார்கள். 1996இல் பொது விதியாக எழுதப்பட்ட ஏற்பாடு இது. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை என மூன்று வரிசை. உங்கள் ரூட்டர் பெட்டியின் அடியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று ஒட்டியிருப்பது இதனால்தான்.

தேக்கடிச் சாலையில் வரிசையாக இருக்கும் லாட்ஜ்களை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா லாட்ஜிலும் 101, 102 என்று அறை உண்டு. இந்த லாட்ஜின் 101க்கும் பக்கத்து லாட்ஜின் 101க்கும் குழப்பம் வருவதில்லை, ஏனென்றால் அந்த எண் அந்தக் கட்டடத்துக்குள் மட்டும்தான் செல்லும். வெளியிலிருந்து பார்சல் வந்தால் லாட்ஜின் பெயருக்கு வரும். எந்த அறைக்காரர் கேட்டது என்பதை ரிசப்ஷன் குறித்துவைத்திருந்து அங்கே கொடுத்தனுப்பும். ரூட்டர் செய்வதும் இதுவே. உள்ளிருந்து ஒரு கம்ப்யூட்டர் எதையாவது கேட்டால், கேட்டது யார் என்று குறித்துக்கொண்டு, தன் வெளி முகவரியைப் போட்டு அனுப்புகிறது. பதில் வந்ததும் கேட்டவருக்குத் தள்ளிவிடுகிறது. இந்த வேலைக்கு 'நாட்' என்று பெயர். இது தானாகவே நடப்பதால் நீங்கள் ஒன்றும் செட் செய்ய வேண்டியதில்லை. ஆனால் இப்படி நடக்கிறது என்று தெரிந்திருந்தால்தான் பின்னால் வரும் கேமரா விஷயம் புரியும்.

அதே ரிசப்ஷன் வருகிறவருக்கு அறைச் சாவியும் கொடுக்கிறது இல்லையா? ரூட்டருக்குள்ளும் அப்படி ஒரு ஆள் இருக்கிறார். அவர் பெயர் டிஹெச்சிபி. இந்தக் கட்டுரை முக்கால்வாசி அவரைப் பற்றியதுதான்.

செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போவது

விண்டோஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) என்பதை ஆங்கில எழுத்துகளில் இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள். 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரிக்கு நேரே இருக்கும் எண்தான் ரூட்டரின் உள்பக்க முகவரி. அதற்கு மேலே 'ஐபிவி4 அட்ரஸ்' என்று இருப்பது இந்தக் கம்ப்யூட்டரின் எண். நடுவில் 255.255.255.0 என்று ஒன்று தெரியும். அதற்குப் பெயர் சப்நெட் மாஸ்க். முதல் மூன்று எண்கள் ஒத்துப்போகிறவர்கள் எல்லாம் ஒரே ஆபீஸ், கடைசி எண் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும் என்பது அதன் பொருள். சிறு ஆபீஸில் இதைத் தொடவே வேண்டாம்.

கேட்வே எண்ணை பிரவுசரின் மேலே முகவரிப் பட்டையில் அடியுங்கள். 'பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் எச்சரிக்கலாம். ஆபீஸுக்குள்ளேயே இருக்கும் பெட்டியோடுதானே பேசுகிறோம், தொடரலாம். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும்.

உள்ளே போனதும் முதல் வேலை, அந்த நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுவது. வைஃபை பாஸ்வேர்டும் இதுவும் வேறு வேறு. வைஃபை பாஸ்வேர்டு ஆபீஸுக்கு வருகிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். இது இரண்டு பேருக்கு மேல் தெரியக் கூடாது. 'அட்மின்' என்றே பெயரும் பாஸ்வேர்டும் வைத்திருப்பவர்கள் இன்னும் ஏராளம். 2016இல் 'மிராய்' என்ற கெட்ட நிரல் உலகம் முழுக்க இப்படிப்பட்ட கேமராக்களிலும் ரூட்டர்களிலும் புகுந்தது. கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டுகளின் பட்டியல் ஒன்றை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான் அதன் வித்தை. அப்படிப் பிடித்த கருவிகளை ஒன்றாக ஏவித் தாக்கியதில் அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களே பல மணி நேரம் முடங்கின.

பிரிண்டர் காணாமல் போவது இப்படித்தான்

ஒரு கருவியை ரூட்டரோடு இணைத்ததும் அது, 'எனக்கு ஒரு எண் கொடுங்கள்' என்று கேட்கும். டிஹெச்சிபி தன்னிடம் உள்ள பட்டியலில் காலியாக இருக்கும் எண்ணை எடுத்துக் கொடுக்கும். நிரந்தரமாகக் கொடுக்காது, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும். அந்த நேரத்துக்கு 'லீஸ்' என்று பெயர். பல ரூட்டர்களில் 24 மணி நேரம் என்று வைத்திருப்பார்கள். கருவி ஆன் ஆகி இருக்கும் வரை பாதி நேரம் கடந்ததும் அதுவாகவே நீட்டிப்புக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதனால் சாதாரண நாட்களில் எண் மாறாது.

இப்போது மழைக்காலத்துக்கு வருவோம். ராத்திரி இடி இடித்துக் கரண்ட் போகிறது. சிறு ரூட்டர்கள் பலவற்றில் 'யாருக்கு எந்த எண்' என்ற குறிப்பு கரண்ட் போனதும் அழிந்துவிடும். கரண்ட் வந்ததும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் எழுந்து எண் கேட்கும். போன் முந்திக்கொள்ளும், கேமரா பெட்டி கேட்கும், பிரிண்டர் மெதுவாக எழுந்து கடைசியில் கேட்கும். பழைய எண்ணையே ஞாபகம் வைத்துக் கேட்கும் கருவிகளும் உண்டு. ஆனால் அந்த எண் இதற்குள் வேறு ஒருவருக்குப் போயிருந்தால் கிடைக்காது. நேற்று 192.168.1.4 ஆக இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.7 ஆகிவிடுகிறது.

கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. பிரிண்டரை முதல் நாள் சேர்த்தபோது 192.168.1.4 என்று எழுதிவைத்திருக்கும். இன்றும் அங்கேயே தாளை அனுப்புகிறது. அந்த எண்ணில் இப்போது யாருடைய போனோ இருக்கிறது. அதற்குத் தாள் அச்சடிக்கத் தெரியாது. 'பிரிண்டர் ஆஃப்லைன்.'

"தம்பி, நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் பிரிண்ட் வந்துச்சு" என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது, "அண்ணே, ராத்திரி கரண்ட் போய் வந்துச்சா?" என்பதுதான்.

இந்த ஊரில் இது சின்ன விஷயமும் இல்லை. 2017இல் ஜிஎஸ்டி வந்த பிறகு எல்லையில் வணிகவரிச் செக்போஸ்ட் போய்விட்டது. மறு ஆண்டு ஏப்ரல் முதல், மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் இ-வே பில் வேண்டும் என்றாகிவிட்டது. ஏலக்காய் ஒரு மூட்டை ஏற்றினாலே பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிவிடும். வண்டி வாசலில் நிற்கும்போது பில் அச்சாகவில்லை என்றால் டிரைவர், லோடுமேன், கணக்குப்பிள்ளை எல்லோரும் அந்தப் பிரிண்டரைச் சுற்றித்தான் நிற்பார்கள்.

ஒரு தாளும் பேனாவும்

இதற்குத் தீர்வு சில கருவிகளுக்கு மட்டும் எண்ணை நிரந்தரமாக்குவது. எவற்றுக்கு? மற்றவர்கள் தேடி வரும் கருவிகளுக்கு. பிரிண்டரை எல்லோரும் தேடுகிறார்கள். டேலி டேட்டா இருக்கும் கம்ப்யூட்டரைத் தேடுகிறார்கள். கேமரா ரெக்கார்டரைத் தேடுகிறார்கள். போனையும் லேப்டாப்பையும் யாரும் தேடுவதில்லை. அவை எந்த எண்ணில் இருந்தாலும் நஷ்டமில்லை.

ரூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்வேன். 192.168.1 வரை எல்லோருக்கும் பொது என்பதால் கடைசி எண் மட்டும் போதும். 1 ரூட்டர். 10 பில் பிரிண்டர். 11 ஆடிட்டிங் பிரிண்டர். 20 கேமரா ரெக்கார்டர். 30 டேலி கம்ப்யூட்டர். 100 முதல் 199 வரை வருகிறவர் போகிறவருக்கு. இடையில் விட்ட இடைவெளி நாளைக்கு வாங்கப்போகும் கருவிகளுக்காக. இந்தத் தாளை லேமினேட் செய்து ரூட்டர் பக்கத்திலேயே ஒட்டிவிட்டால் உங்களுக்குப் பின் வருகிறவரும் வாழ்த்துவார்.

அப்புறம் ரூட்டரில் 'டிஹெச்சிபி சர்வர்' என்ற பக்கத்துக்குப் போங்கள். தொடக்க எண், முடிவு எண் என்று இரண்டு கட்டம் இருக்கும். தொடக்கம் 192.168.1.100, முடிவு 192.168.1.199 என்று மாற்றுங்கள். இனி புதிதாக வரும் எந்தப் போனும் 10, 20, 30 பக்கம் எட்டிப்பார்க்க முடியாது.

அடுத்து 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடம். சில பெட்டிகளில் 'ஸ்டாட்டிக் லீஸ்' என்றோ 'பைண்டிங்' என்றோ இருக்கும். இங்கே கருவியின் மேக் முகவரியையும் அதற்கு வேண்டிய எண்ணையும் ஜோடியாகக் கொடுக்க வேண்டும். மேக் முகவரி என்பது கருவி தயாராகும்போதே அதில் பதிக்கப்படும் அடையாளம். 0 முதல் 9 வரையும் ஆங்கில ஏ முதல் எஃப் வரையும் கலந்த 12 குறிகள். பிரிண்டரின் மெனுவில் 'நெட்வொர்க் ரிப்போர்ட்' அச்சடித்தால் அதில் இருக்கும். ரூட்டரிலேயே 'இணைந்துள்ள கருவிகள்' பட்டியலிலும் தெரியும். அங்கிருந்து அப்படியே தேர்ந்தெடுக்க முடிந்தால் எழுத்துப்பிழைக்கு இடமில்லை. வைஃபை பிரிண்டருக்குக் கவனம்: அதே பிரிண்டரில் கேபிளுக்கு ஒரு மேக் முகவரியும் வைஃபைக்கு வேறொன்றும் இருக்கும். எதில் இணைத்திருக்கிறீர்களோ அதைக் கொடுங்கள். சில ரூட்டர்கள் தொடக்கம்-முடிவுக்குள் இருக்கும் எண்ணைத்தான் நிரந்தரமாக்க விடும். உங்களுடையது அப்படி அடம்பிடித்தால் பட்டியலின் கடைசி எண்களை, 190, 191 என்று, எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் கெட்டுவிடாது.

சேமித்துவிட்டு பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். புது எண்ணோடு எழும். பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 'பிரிண்டர் ப்ராப்பர்டீஸ்' திறந்து, 'போர்ட்ஸ்' பகுதியில் புது டிசிபி/ஐபி போர்ட் சேர்த்து 192.168.1.10 என்று கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரூட்டரில் எண்ணை நிலைநிறுத்தினாலும் கம்ப்யூட்டர் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருந்தால் தாள் வராது.

பிரிண்டரின் மெனுவிலேயே நேராக எண்ணைப் போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். போடலாம், வேலை செய்யும். ஆனால் நான் ரூட்டரில் வைப்பதையே விரும்புகிறேன். எல்லா எண்களும் ஒரே பக்கத்தில் கண்ணுக்கு முன் இருக்கும். பிரிண்டர், கேமரா என்று ஒவ்வொன்றின் மெனுவாக ஏறி இறங்கித் தேட வேண்டியதில்லை.

போனுக்கு எண்ணை நிரந்தரமாக்க நினைத்தால் ஒரு சிக்கல். 2019க்குப் பிறகு வந்த ஆண்ட்ராய்டுகளும் 2020க்குப் பிந்தைய ஐபோன்களும் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, புனைந்த ஒன்றைக் காட்டுகின்றன. அந்தரங்கத்துக்கு நல்லதுதான். ஆனால் அது மாறினால் நீங்கள் கொடுத்த ஜோடி பொருந்தாது.

பட்டியல் நிரம்பிப்போவதும் உண்டு. மண்டல காலத்தில் சபரிமலைக்குப் போகிற சாமிமார் குமுளி வழியாகத் திரளாக வருவார்கள். ஜீப் டிராவல்ஸ் ஆபீஸில் வைஃபை கொடுத்தால் ஒவ்வொரு போனும் ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு போய்விடும். அவர் எரிமேலி தாண்டியிருப்பார். எண் மட்டும் 24 மணி நேரம் இங்கேயே அவர் பெயரில் கிடக்கும். பட்டியலில் 50 எண்தான் என்றால் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். அடுத்து ஆன் செய்யும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கே எண் கிடைக்காது. அப்போது அது 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தானே போட்டுக்கொள்ளும். ஐபிகான்ஃபிக்கில் இந்த 169.254ஐக் கண்டால், 'எனக்கு யாரும் எண் கொடுக்கவில்லை' என்று கம்ப்யூட்டர் சொல்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கேபிள் பழுதோ, ரூட்டர் உறைந்துபோயிருக்கிறதோ, பட்டியல் நிரம்பிவிட்டதோ, மூன்றில் ஒன்று. சீசனில் லீஸ் நேரத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்தால் பட்டியல் நிரம்பும் பிரச்சினை தீரும்.

மாடிக்கு இரண்டாவது பெட்டி

கீழே கடை, மேலே ஆபீஸ், பின்னால் குடோன் என்று இருக்கும் கட்டடங்களில் சிக்னல் போதாமல் இரண்டாவது ரூட்டர் வாங்கி மாட்டுவார்கள். எண் குழப்பத்தின் உச்சம் இங்கேதான்.

கீழிருந்து வரும் கேபிளை மேலே உள்ள ரூட்டரின் 'வேன்' ஓட்டையில் செருகினால் மாடியில் இன்னொரு தனி வலை உருவாகிவிடும். கீழே உள்ளவர்கள் 192.168.1 வரிசையிலும் மேலே உள்ளவர்கள் 192.168.0 வரிசையிலும் இருப்பார்கள். இணையம் இருவருக்கும் வரும், அதனால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் மேலே இருப்பவர் கீழே உள்ள பிரிண்டரைத் தேடினால் பட்டியலில் வராது. கீழே இருப்பவருக்கு மாடிக் கம்ப்யூட்டர் எட்டவே எட்டாது.

சரி என்று 'லேன்' ஓட்டையில் செருகினால் இப்போது எண் கொடுக்க இரண்டு பேர். யார் முந்துகிறாரோ அவரிடம் கருவி எண் வாங்கும். மேல் ரூட்டரிடம் வாங்கிய கம்ப்யூட்டர் வெளியே போகவும் அதையே வழியாக நம்பும். அதற்கோ நேரடி இணைய இணைப்பு இல்லை. 'ஒரு கம்ப்யூட்டரில் நெட் வருது, பக்கத்தில் உள்ளதில் வரல, மறுபடி ஆன் பண்ணினா மாறி வருது' என்று சொன்னால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது சுலபம். இரண்டாவது பெட்டியின் மெனுவில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். எண் கொடுக்கும் வேலையை அது விட்டுவிட்டு வைஃபையை மட்டும் பரப்பும். அந்த வசதி இல்லாத பழைய பெட்டி என்றால், முதலில் அதன் உள்பக்க முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். பிறகு அதன் டிஹெச்சிபியை நிறுத்துங்கள். அதன்பின் கேபிளை அதன் 'லேன்' ஓட்டையில் செருகுங்கள், 'வேன்' காலியாகவே இருக்கட்டும். இந்த வரிசை முக்கியம். கேபிளை முதலில் செருகிவிட்டால், இரண்டு பெட்டிகளுமே 192.168.1.1 ஆக இருக்கும் பட்சத்தில் எந்தப் பெட்டியின் பக்கம் திறக்கிறது என்றே தெரியாது. தாளில் 2 என்பதற்கு நேரே 'மாடி வைஃபை' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வெளிப்பக்கத்தில் அதிகம் கைவைக்க வேண்டாம்

ஃபைபர் இணைப்பு என்றால் வெளிப்பக்கம் பெரும்பாலும் 'பிபிபிஓஇ' வகையில் இருக்கும். அதற்கு இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயர், பாஸ்வேர்டு, சில இடங்களில் 'விலேன்' எண் ஆகியவை வேண்டும். இவற்றைக் குறித்துவைக்காமல் பின்னால் உள்ள ரீசெட் துளையில் ஊசியை விடாதீர்கள். பத்து விநாடி அழுத்தினால் பெட்டி கடையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிடும். வெளியே போகும் வழியும் நீங்கள் போட்ட எண்களும் சேர்ந்தே போய்விடும்.

பெட்டியில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாகக் கண் சிமிட்டினால் செட்டிங்ஸில் தேட ஒன்றுமில்லை. ஒளி வரவில்லை, கம்பி எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. போன் செய்தால் அந்தப் பக்கத்தில் மலையாளத்தில், "சுவப்பு லைட் உண்டோ?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பார்த்து வைத்துக்கொண்டு பேசினால் பாதி நேரம் மிச்சம்.

டிஎன்எஸ் என்று ஒரு கட்டம் உண்டு. தளத்தின் பெயரை எண்ணாக மாற்றிச் சொல்லும் சேவை அது. வாட்ஸ்அப் போகிறது, ஆனால் பிரவுசரில் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் இதைச் சந்தேகிக்கலாம். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 இரண்டையும் அங்கே கொடுத்துப் பார்க்கலாம்.

கேமராவைக் கம்பத்திலிருந்து பார்க்க

கடை குமுளியில், வீடு கம்பத்தில். ராத்திரி வீட்டிலிருந்து கடைக் கேமராவைப் பார்க்க முதலாளிக்கு ஆசை. 'போர்ட் ஃபார்வர்டிங்' போட்டால் தெரியும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வெளியிலிருந்து வருகிறவரை நேரே கேமரா பெட்டியிடம் அனுப்பச் சொல்லி ரூட்டருக்கு இடும் கட்டளை அது.

அதைப் போடுவதற்கு முன் ரூட்டரின் 'ஸ்டேட்டஸ்' பக்கத்தில் வெளிப்பக்க எண்ணைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், இணைய நிறுவனமே தன் வாடிக்கையாளர்கள் பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. முகவரிப் பஞ்சத்துக்காக 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய வரிசை அது. நீங்கள் உங்கள் வாசலைத் திறந்துவைத்தாலும் தெருமுனைக் கதவு அவர்களிடம் இருப்பதால் யாரும் வந்து சேர முடியாது. எத்தனை மணி நேரம் மெனுவில் உட்கார்ந்தாலும் பலிக்காது. தனி நிலையான முகவரி வேண்டுமென்று கூடுதல் கட்டணம் கட்டி வாங்கினால்தான் நடக்கும்.

வாங்கவும் வேண்டாம் என்பதே என் கருத்து. ரெக்கார்டருடன் வரும் கம்பெனி ஆப்பில் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து சேர்த்துவிட்டால், பெட்டியே உள்ளிருந்து வெளியே பேசி வழி ஏற்படுத்திக்கொள்ளும். திறந்துவைத்த வாசலில் யார் யார் கைவைத்துப் பார்ப்பார்கள் என்பதற்கு மிராய் சாட்சி. 'டிஎம்இசட்' என்ற வசதியையும் தொடாதீர்கள். அது அந்தக் கருவியின் எல்லா வாசலையும் உலகத்துக்குத் திறந்துவிடும்.

வைஃபை

பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும். பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை நிறுத்திவிடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, தூரம் குறைவு. கருங்கல் சுவர் வைத்த பழைய குடோன்களுக்கு 2.4தான் சரி. கடைத்தெருவில் நெரிசல் அதிகமென்றால் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதாக இருந்தால் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று தனிப் பெயரில் கொடுங்கள். ஆபீஸ் பிரிண்டரும் டேலியும் அவர்கள் கண்ணில் பட வேண்டியதில்லை. எளிய ரூட்டர்களில் விருந்தினருக்கும் அதே எண் பட்டியலிலிருந்துதான் கொடுக்கும் என்பதால் லீஸ் நேரத்தை மறக்க வேண்டாம்.

இடியும் கரண்ட்டும்

ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்கு மேல் இந்த மலையில் இடி இறங்குவது எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி ஃபைபரில் மின்சாரம் ஓடாது. ஆனால் ரூட்டரின் அடாப்டர் வழியாகவும், கட்டடத்துக்கு வெளியே இழுத்த லேன் கேபிள் வழியாகவும் மின் அதிர்ச்சி உள்ளே வரும். குடோனுக்கு வெளிவழியே கேபிள் இழுத்திருந்தால் இடி நேரத்தில் இரண்டு முனையையும் கழற்றி வையுங்கள். ரூட்டருக்கென்றே வரும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று வாங்கிவிட்டால், கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களில் பெட்டி அணையாமல் இருக்கும். எண்களின் குறிப்பும் அழியாது. வாங்கும்போது உங்கள் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் ஆம்பியரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில பெட்டிகள் 9 வோல்ட்டில் ஓடுகின்றன.

எல்லாம் முடிந்ததும் ரூட்டரில் 'பேக்கப்' என்ற இடத்தில் செட்டிங்ஸை ஒரு கோப்பாக இறக்கி, பென் டிரைவில் போட்டுவையுங்கள். நாளைக்கு யாராவது ரீசெட் செய்துவிட்டால் அந்தக் கோப்பை ஏற்றினால் போதும். ஆனால் அதே மாடல் பெட்டிக்குத்தான் அது செல்லும். புது மாடல் வாங்கினால் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

கடைசியாக, வேலை ஓய்ந்த ஒரு சாயங்காலம் பார்த்து, டேலி முதலான எல்லாவற்றையும் மூடி, கம்ப்யூட்டர்களை முறையாக ஷட்டவுன் செய்துவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். ரூட்டருக்குச் சிறு யுபிஎஸ் வைத்திருந்தால் அதையும் சேர்த்து. ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எல்லாம் எழுந்ததும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரு தாள் அச்சடித்துப் பாருங்கள். மாடியிலிருந்து டேலியைத் திறந்து பாருங்கள். ஏதாவது ஒன்று கிடைக்கவில்லை என்றால் ரூட்டரின் கருவிப் பட்டியலையும் உங்கள் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எந்தக் கருவியின் எண் தாளில் உள்ளதோடு பொருந்தவில்லையோ அதன் மேக் முகவரியை மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.